விடைப் பக்கம் கிழிந்த புத்தகம்

குன்னூர் மார்க்கெட்டில், பழைய பேப்பர் கடையில்
எடைக்கு வாங்கினேன், அறுபது ரூபாய்.
வங்கித் தேர்வு வழிகாட்டி, ஆங்கிலம்.
கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.
விடைகள் அங்கேதான் இருந்திருக்கும்.

முதல் பக்கத்தில் நீல மையில்
ஜோ. ஹேமாவதி, கட்டபெட்டு.

கோத்தகிரி ஃபேக்டரியில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
டிரையர் சூடேறும்வரை கொஞ்சம் நேரம் கிடைக்கும்.
தூள் பறக்கும் பல்பின் கீழே
பி, க்யூ, ஆர், எஸ்.
நாலு வாக்கியத்தை உதறிப் போட்டுவிட்டு
அடுக்கிக் காட்டு என்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த வித்தை இவ்வளவுதான்:
'ஒரு' நாய் முன்னால் வரும், 'அந்த' நாய் பின்னால்.
'ஆனால்' என்று வாயெடுப்பவன்
முதல் ஆளாக இருக்கமாட்டான்.
பெயர் வந்த பிறகுதான் 'அவள்'.

அவள் எல்லாக் கேள்விக்கும் பென்சிலில் விடை குறித்திருக்கிறாள்.
பாதிக்கு மேல் எனக்கு ஒத்துவரவில்லை.
பனியாறு உருகும் பத்தியில்
ஊர் மூழ்கிய பிறகு மழையைக் கூப்பிட்டிருக்கிறாள்.
இரண்டு தடவை அழித்து, தாள் மெலிந்துபோய்,
மூன்றாம் தடவையும் அதையே எழுதியிருக்கிறாள்.

ஓரங்களில் தமிழும் உண்டு.
ஒன்பதாம் பக்கத்தில்: இனி வேண்டாம்.
நாற்பதில்: ஃபீஸ் 850 கட்டியாச்சு.
எழுபத்தேழில்: குஞ்சப்பனையில் மண்சரிவு, பஸ் திரும்பிடுச்சு.
நூற்றுநான்கில்: அவங்களுக்குச் சம்மதமாம்.

பக்க எண்ணை நம்ப முடியாது.
நானே பின்னாலிருந்துதான் படிக்கிறேன்.

'வேண்டாம்' கடைசி என்றால்
மண் சரிந்தது, பஸ் திரும்பியது,
புத்தகம் தராசில் ஏறியது.
'வேண்டாம்' முதலில் என்றால்
அதற்குப் பிறகும் ஒருத்தி
எண்ணூற்றைம்பது ரூபாயை எண்ணிக் கொடுத்திருக்கிறாள்.

அந்த 'அவங்க' யார்?
மாப்பிள்ளை வீட்டாரா, அப்பாவா?
சம்மதம் எதற்கு, கல்யாணத்துக்கா
கோயமுத்தூர் ஹாஸ்டலுக்கா?
எந்த ஓரத்திலும் பெயர் இல்லை.
எங்கே வைத்தாலும் பொருந்துகிறது.
தேர்வில் இப்படியொரு வாக்கியம் வந்தால்
கேள்வியையே ரத்து செய்துவிடுவார்கள்.

"மேனேஜர் சார், இலை வருது"
பெள்ளன் அண்ணன் தகரத்தைத் தட்டுகிறார்.
இந்த முனையில் பச்சை, அந்த முனையில் கறுப்பு.
இங்கே யாருக்கும் வரிசை குழம்பாது.

மூன்று மணிக்குக் கூரையில் சத்தம்.
பனியாற்றுக் கேள்வியை மறுபடி எடுத்தேன்.
மூழ்கிய ஊரிலும் மழை பெய்யத்தானே செய்யும்.
அவள் விடையை அழிக்கவில்லை,
பக்கத்தில் என்னுடையதைப் போட்டேன்,
கொஞ்சம் சின்ன எழுத்தில்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு, கோவையில்.
முதல் பஸ் நாலே முக்கால்.
இதையும் ஓரத்தில் எழுதி வைத்தேன்.
தேதி போட மறந்திருக்கிறேன்,
இப்போதுதான் பார்க்கிறேன்.