வலது கதவு

கம்பெனியில் வந்த ஸ்பீக்கர்தான்.
அட்டைக் கூம்பு, மருந்துக்குப்பி மூடியளவு காந்தம்.
வண்டி விற்பவன் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டான்,
சீட்டுச் சூடேறுவதைத்தான் சொல்லுவான்.

கயானியில் ஒன்பது குளிர்காலம்
சாலையின் உப்பு கதவடி வழியே ஏறி
வலப்பக்க ஒயரைத் தின்றிருந்தது.
ஹில்க்காவுக்குத் தெரியாது. ஆயில் மாற்ற வந்தாள்.
"பாட்டு டப்பாவுக்குள் கேட்கும். பழகிவிட்டது."

நான் சும்மா இருந்திருக்கலாம்.
கதவுப் பலகையைக் கழற்றி
பச்சை பூத்த முனையைச் சுரண்டி
ஈயம் வைத்தேன்.

பழைய பதிவு அது, ஆளுக்கொரு பக்கம்.
ஒரு பெண் பாடினாள். நிறுத்தினாள்.
வலது கதவிலிருந்து
ஓர் ஆண் பதில் சொன்னான்.

ஹில்க்கா பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.
"யார் இவன்?"

பால் பண்ணைக்கும் வீட்டுக்கும் நடுவே
நாற்பது கிலோமீட்டர் இருட்டில்
அந்த இடைவெளியில் அவள்தான் பாடிவந்திருக்கிறாள்.
வரியெல்லாம் சொந்தக் கட்டு:
பாதி நாள் வசவு,
ஒருமுறை
மோதப்போய்த் தப்பிய கலைமானிடம் மன்னிப்பு.

பாட்டு முடியும்வரை கேட்டாள்.
"நல்ல குரல்தான். ஆனால்
எல்லாவற்றுக்கும் சரி என்கிறான்."

கையுறையை மாட்டிக்கொண்டே,
டயர் விலை கேட்பதுபோல:
"திரும்ப அறுத்துவிட எவ்வளவு?"

அறுக்க வேண்டாம் என்றேன்.
ரேடியோவில் ஒரு திருகு உண்டு,
அதை இடப்பக்கம் ஒட்டத் திருப்பிக் காட்டினேன்.
ஆயிலுக்கு மட்டும் பில்.

வண்டி பின்னோக்கி வெளியேறியது.
கண்ணாடிகள் ஏற்றியிருந்தன.
முதல் திருப்பத்திலேயே
அவள் வாய் அசைந்தது.