மாலை ஐந்தரைச் சோதனை

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை.
வாசலில் எனக்கொரு ஸ்டூல், ஒரு நோட்டு,
தலைக்குச் சின்னதாய் ஒரு தொப்பி.
ஐந்தரைக்கு மணியடித்தால்
பெண்கள் வரிசையில் வருவார்கள்.
பை, பர்ஸ், டிபன் டப்பா.
நகக்கண்ணையும் பார்க்கச் சொல்கிறார் முதலாளி,
வெள்ளித் தூள் அங்கேதான் ஒளியுமாம்.
நான் டப்பாவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த வேலை எனக்குப் புதிதில்லை.
எண்பத்தெட்டில் கடல் தாண்டிக் கூட்டிப்போய்
பட்டாளம் கொடுத்ததும் இதுதான்.

எத்தனை பேரைச் சுட்டாய் என்கிறார்கள் ஊரில்.
என்ன சொல்ல?
மணல் மூட்டை அடுக்கினேன்.
மாவு பிசைந்தேன், எனக்குச் சப்பாத்தி இறங்காது.
கிணற்றில் தண்ணீர் இறைத்தேன்,
நாங்கள் இறைத்த கிணற்றுக்கு
அப்புறம் ஒரு குடமும் வரவில்லை.
பூட்ஸைக் கழற்றாமல் பதினோரு நாள்;
கழற்றினால் சாக்ஸோடு தோலும் வந்தது.
பாவாயி இன்லண்டில் எழுதுவாள்:
ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு,
மலைப்பக்கம் நல்ல மழை,
அங்க மழையா?
வானத்தைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுவேன்.
மற்றதை எழுத விடமாட்டார்கள்.
விட்டாலும் எழுதத் தெரிந்திருக்காது.

வடக்கத்திப் படையோடு எங்களில் நாலு பேரை
ஒட்டவைத்தார்கள், பாஷைக்காக.
சாப் இந்தியில் கத்துவார்,
நான் தமிழில் கத்த வேண்டும்.
அவர் சொன்ன கெட்ட வார்த்தைகளை விட்டுவிடுவேன்.
சனங்கள் சொன்னதையும்.
அந்த யுத்தத்தில் நான் செய்த நல்லது அவ்வளவுதான்.

ஒரு காலை, சைக்கிளில் ஒரு பொம்பளை.
டப்பாவில் புட்டு, ஆவிகூட அடங்கவில்லை.
சாப் தலையசைத்தார்.
விரலை விட்டு அடிவரைக்கும் கிளறினேன்.
தேங்காய்ப்பூதான் இருந்தது.
பத்தடி தள்ளிப் போய்
வேலியோரம் கொட்டினாள்.
எங்கள் கண்முன்னாலேயே
மண் போட்டு டப்பாவைத் துலக்கினாள்.
நாய் ஒன்று ஓடிவந்தது.
விரலில் ஒட்டியிருந்ததை நான் தின்றேன்.
பசி.

போன வாரம் பட்டறைக்குப் பெயிண்ட் அடிக்க வந்தான் தவரூபன்.
ஓமலூர்ப் பக்கம் முகாமிலிருந்து.
நாற்பத்தைந்து வயசு இருக்கும்.
"ஐயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ."
தாங்கோ.
சொம்பைப் பிடித்த கை அப்படியே நின்றது.
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
முன்னால் எங்கே வேலை என்று
அவனும் கேட்கவில்லை.
மத்தியானம் தட்டுவடை செட் வாங்கி வந்தான்,
எனக்கும் ஒன்று.
கண்ணில் நீர் வரக் காரம்.
இரண்டு பேரும் சிரித்தோம்.

ஐந்தரை.
பெயிண்டர்களைச் சோதிக்கச் சொல்லி உத்தரவில்லை.
கேட்டுக்கு இருபதடி முன்னாலேயே
அவன் சைக்கிளை விட்டு இறங்கினான்.
தள்ளிக்கொண்டு வந்தான். ஸ்டாண்டு போட்டான்.
டப்பாவைத் திறந்து கேரியரில் வைத்தான்,
மூடியைத் தனியாக, பக்கத்தில்.
இரண்டடி பின்னால் போய்க்
கைகளை விரித்து நின்றான்.
கண் என் முகத்துக்கு வரவில்லை,
சட்டைப் பொத்தானில் நின்றது.

அந்த நிற்பு எனக்குத் தெரியும்.
"ரெண்டடி தள்ளி நில், கையை விரி."
சாப் சொன்னார்,
தமிழில் சொன்னது நான்.

போங்க தம்பி என்றேன். போகவில்லை.
நானே மூடித் தரும்வரைக்கும் போகவில்லை.
மூடி எங்கோ நெளிந்திருந்தது,
அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து ஐந்து இருபதுக்கெல்லாம்
டீக்கடைக்குப் போய்விடுகிறேன்.
அங்கிருந்து இரண்டு கட்டடங்களுக்கு நடுவே
சேர்வராயன் மலை ஒரு துண்டு தெரியும்.
ஏற்காடு பஸ்ஸின் கண்ணாடி
ஒரு வளைவில் மின்னி மறையும்,
மேலே இன்னொரு வளைவில் மின்னும்.
எண்ணிக்கொண்டே டீயை ஆறவிடுவேன்.

"ஏய்யா இருசா, ஐந்தரைக்கு ஆளில்லாத கேட்டுக்கு
நான் எதுக்கய்யா சம்பளம் தரணும்?"
நியாயம்தான்.

நேற்று பாதி டீயில் திரும்பி வந்தேன்.
பெண்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள்.
அவன் மட்டும் நின்றிருந்தான்
என் காலி ஸ்டூலுக்கு எதிரே,
டப்பாவைத் திறந்து வைத்து.