அரசு முளைத்த மதில்

காகம் எச்சமிட்டது.
வழக்கில் இருதரப்பும் ஒத்துக்கொண்டது
அதை மட்டும்தான்.

பெரியகடைப் பின்தெரு.
சகாப்தீன் வீட்டு மதில் வெடிப்பில் இரண்டு இலை,
கார்த்திகை மழைக்கு ஏழு.
தை பிறக்குமுன் யாரோ ஐந்து நிறக் கொடி கட்டினார்கள்.
மாசியில் யாரோ அடியில் ஒரு கல் வைத்து
மஞ்சள் பூசி அறுகம்புல் சாத்தினார்கள்.
சகாப்தீன் கேட்டது மதிலை.
"சீமெந்து பூச விடுறாங்க இல்ல, ஐயா."

நான் இந்த நீதிமன்றின் உரைபெயர்ப்பாளர்.
கூண்டில் ஏறுகிறவரிடம் என் முதற் கேள்வி
என்ன சமயம்?
உண்மை அதற்குப் பிறகுதான்.
கத்தோலிக்கருக்கு வேதாகமம் நீட்டுவேன்,
முத்தங்களில் நைந்த அட்டை,
ஒட்டுப்பட்டி சுற்றியிருக்கிறேன்.
மற்றவர்கள் உறுதியுரைப்பார்கள்.

கொழும்புச் சட்டத்தரணி
ஒன்பதாம் உறுப்புரையை வாசித்தார்.
சிங்களத்தில் ஒரே மூச்சு.
தமிழுக்குள் வந்து நான் நின்றுவிட்டேன்.
முதன்மைத் தானம்.
தானம் என்றால் இடம்.
தானம் என்றால் கொடையும்.
யாருடையதை எடுத்து யார் கொடுத்தார் என்பது
என் வேலைக்குள் வராது.
மற்ற மதங்கள் வரும் இடத்தில்
ஒரு 'அதேவேளை' போட்டேன்.
அந்த அதேவேளைக்குள்தான்
நாங்கள் கொஞ்சப்பேர் குடியிருக்கிறோம்,
வாடகை பிந்தாமல்.

எதிர்த்தரப்பு பத்தாவதைப் படித்தது.
சிந்தனை, மனச்சாட்சி, மதம்.
நல்ல உறுப்புரை.
எந்த மொழியிலும் நாக்கு இடறவில்லை.
நீதவான் கண்ணாடியைத் துடைத்தார்.

"இது அரசு" என்றார் நில அளவையாளர்,
மரத்தைச் சொல்லி.
எழுதுவினைஞர் நிமிர்ந்தார்: "எந்த அரசு?"
தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் நட்டிருக்கிறது.
சிங்களத்துக்கு 'போ' என்று பெயர்த்தேன்.
தமிழில் எழுதினால்
யாரோ சகாப்தீனுக்குச் சொல்வதுபோல் இருக்கிறது.

மூன்றாம் சாட்சி சுனேத்ரா,
எதிர்வீட்டுத் தாதி, இரவுக் கடமை முடிந்த கண்.
"போயாவுக்கு நான் விகாரைக்குப் போவேன்.
மதிலுக்கு அல்ல.
கொடி கட்டினவர் எங்கள் தெரு இல்லை."
கொஞ்சம் யோசித்து,
"கல் வைத்தவரும்."
இதைப் பெயர்க்கும்போது என் குரல்
தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

அடுத்த தவணைக்குள்
கோட்டையிலிருந்து இறங்கிய மான் ஒன்று
ஏழு இலையையும் தின்றது.
கொடியில் ஒரு வாய்.
அறுகம்புல்லையும் விடவில்லை.
பொலிஸ் படிவத்தில்
சேதம் விளைவித்தவர்: மான்.
சமயம் என்ற கட்டம் வெறுமை.
இத்தனை சுத்தமான வெற்றிடம்
என் மேசைக்கு வந்ததேயில்லை.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் அந்த வழியாக நடந்தேன்.
தண்டு நிற்கிறது. வேர் உள்ளே.
வெடிப்பு ஒரு விரல் அகலம் கூடியிருக்கிறது.
வாசலில் சகாப்தீனின் சீமெந்து மூட்டை
உப்புக்காற்றில் இறுகி, கல்லாகி.

யாராவது மஞ்சள் பூசவோ
கொடி நடவோ முன்
உள்ளே இழுத்து வையுங்கள் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான்,
இழுத்தோம்.