சிவப்பு முனைக் குச்சி

முகமாலையில் ஈச்சம்பற்றை வெட்டும்போது
என் கத்தரி
அதன் பின்னங்காலில் பட்டுவிட்டது.
கையுறையோடே தூக்கிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தேன்.
பாதி இடியப்பம் மிச்சமிருந்த பெட்டி.

தருமபுரத்து வீட்டில் அதற்கென்று
ஒரு யன்னல், கிழிந்த நுளம்பு வலை,
பூவரசங் கொப்பு இரண்டு.
சட்டித் தண்ணீரை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
மூன்றாம் நாள்
கண் குழி விழுந்த பிறகுதான் எனக்கு விளங்கியது:
இலையில் விழுந்து நடுங்கினால்தான்
அது தண்ணீர்.
ஆஸ்பத்திரி நளாயினி
காலாவதியான சேலைன் குழாய் ஒன்று தந்தாள்.
சொட்டு.
பொறு.
சொட்டு.
வாய் திறந்து அது வாங்கிய நேரம்
பெலத்துச் சிரித்துவிட்டேன், தனிய நின்று.

பின்னேரங்களில் வேலைச் சப்பாத்தோடே
வரம்பில் வெட்டுக்கிளி பிடிக்கிறேன்,
முப்பத்தொன்பது வயதில்.

'நிறம் மாறுற சாதி, வீட்டுக்கு ஆகாது'
என்கிறாள் மச்சாள்.
பயந்தால் கறுக்கிறது.
நித்திரையில் வெளிறிப்போகிறது.
பனி விடியலில்
வெயில் படும் பக்கம் ஒரு நிறம், மற்றப் பக்கம் இன்னொன்று.
உள்ளே நடப்பதை ஒளிக்கத் தெரியாத தோல்.
பதிவு மேசைக்கு முன்னால்
அன்றைக்கு என் முகம்தான்
ஒரே நிறத்தில் இருந்தது.

நடையைப் பாருங்கோ.
ஒரு காலைத் தூக்கி, நிறுத்தி,
முன்னும் பின்னுமாய் ஆடி,
வைப்பமா விடுவமா என்று.
ஒரு கண் கொப்பில், மற்றது முதுகுக்குப் பின்னால்.
எங்களுக்குக் கிழமைக் கணக்கில் படிப்பித்ததை
அது முட்டைக்குள்ளேயே படித்துவிட்டு வந்திருக்கிறது.

ஐப்பசி பிறக்கச் சாப்பாட்டை விட்டது.
வயிறு புடைத்து, வலையைப் பிறாண்டிக்
கீழே, இன்னும் கீழே.
வருத்தமென்று நினைத்துப் பயந்தேன்.
அது மண் கேட்டிருக்கிறது.
பெயின்ற் வாளியில் ஈரமணல் நிரப்பி வைத்தேன்.
இரவிரவாய்க் கிண்டியது,
நான் கிண்டுகிற மாதிரியே சரிவாக, பக்கவாட்டால்.
விடிய, மணல் மட்டமாய்க் கிடந்தது.
மூடி, அமத்தி,
ஓர் அடையாளமும் விடாமல்.
இப்படி மூடியவற்றைத் தேடித்தான் எனக்குச் சம்பளம்.

கால் ஆறிவிட்டது.
குளக்கட்டு நாவலில் விட்டேன்.
திரும்பிப் பார்க்கவில்லை;
பார்க்க, அது திரும்பத் தேவையுமில்லை.

வாளி கட்டிலுக்குக் கீழே.
கிழமைக்கொருக்கால் ஒரு கரண்டி தண்ணீர்.
மச்சாளின் மகள் அபிசனா கிண்டிவிடுவாளென்று
சிவப்பு முனைக் குச்சி ஒன்று குத்தியிருக்கிறேன்.
சுபத்திராக்காவுக்குத் தெரியாமல் எடுத்து வந்தது.
ஏழு மாதம் ஆகுமாம், எட்டும் ஆகுமாம்.
குஞ்சுகளுக்கு வெட்டுக்கிளி பெரிது.
இப்போதே போத்தலுக்குள் வாழைப்பழத்தோல் போட்டு
பழ ஈ எத்தனை வருகுதென்று
எண்ணிப் பார்க்கிறேன்.