பதினாலும் இருபத்து மூன்றும்

காராஷோக்கில் மூன்று மணிக்கே இருட்டு.
தோருன் முதல் தடவை வரைந்தபோது
திரையில் வந்தது ரம்பப் பல்:
ஒரே நாளில் நாற்பது கிலோவுக்கு ஏறி
பதினெட்டுக்கு விழுந்து
மறுபடி ஏறும் ஏதோ ஒரு பூதக் கன்று.

"இது என் மந்தையில் இல்லை" என்றார் ஈசாத்
தொப்பியைக் கழற்றாமலே.

சிரித்துக்கொண்டே
நிரலில் ஒரு சொல் சேர்த்தாள்:
குழு என்றால் காதுவில்லை எண்.
ஓடவிட்டாள்.

சிக்கு பிரிந்தது.
இருபத்து மூன்று கலைமான் கன்றுகள்,
தலைக்கொரு கோடு.
எட்டாம் எண் சோம்பேறி.
மூன்று, பேராசைக்காரன்.
பதினாலு மட்டும்
ஆகஸ்ட்டில் அறுந்து நின்றது.

"ஓநாயா?"

அவர் பதில் சொல்லவில்லை.
அக்டோபரில் எங்கிருந்தோ முளைத்த
இருபத்து மூன்றையே பார்த்தார்.
இறைச்சிக் கொழுப்பு ஒட்டிய விரலை
அங்கிருந்து இங்கே இழுத்தார்.
"வில்லை பிய்ந்துபோச்சு. புதுசு மாட்டினது நான்தான்."

எண்ணைத் திருத்தினாள்.
கன்று ஒன்று குறைந்தது,
சாவும் ஒன்று.
நடுவிலிருந்த செப்டம்பரை மட்டும்
அவள் இணைக்கவில்லை;
யாரும் எடை பார்க்காத மாதம்.

திரைக் கண்ணாடியில்
சாய்வாக ஒரு விரல் தடம்.
அதைத் துடைக்கவுமில்லை.