எடைத்தாள்

பல்லாவரம். மே மாதம். இரவு பதினொன்றரை.
மின்விசிறி வெக்கையைத்தான் சுற்றிச் சுற்றிப் பரிமாறுகிறது.
சுவர்மானி முப்பத்து நாலு காட்ட,
திரையில் எண்பது வருடத்துக்கு முந்தைய தட்டச்சு:
வேகங்கள் அனைத்தும்
பதினைந்து டிகிரிக்குத் திருத்தப்பட்டவை.

பதினைந்து டிகிரி, கடல்மட்டம், ஈரமில்லாத காற்று.
நியம நாள் என்று அதற்குப் பெயர்.
மார்கழி விடியலில்கூட எனக்கு அது வாய்த்ததில்லை.
எந்த ஊரிலும் முழுசாக விடிந்திருக்காது.
ஆனாலும் சண்டை விமானங்கள் எல்லாம்
அந்த ஒரு நாளில்தான் பறந்ததாகக் கணக்கு.

சதக்கத்துல்லாவுக்கும் எனக்கும் ஆறு மைல் தகராறு.
இருபத்தோராயிரம் அடியில்
அவன் கட்சி விமானம் என் கட்சியை முந்துகிறது.
வரைபடமே சாட்சி என்கிறான்.
நான் அடிக்குறிப்புக்குள் இறங்கினேன்.
அவனுடையதற்கு
இடுக்கெல்லாம் பட்டி பார்த்து, மெழுகு தேய்த்து,
பின்பார்க்கும் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறார்கள்,
பெண் பார்க்க வருகிற நாளுக்கு
வெள்ளையடித்த வீடு மாதிரி.
என்னுடையது வயலில் இறங்கி எதிரியிடம் சிக்கியது.
வேற்று பெட்ரோல். இருமும் எஞ்சின்.
கையேடு இல்லாமல் ஓட்டினான் எவனோ.

"அப்ப எதைத்தான் நம்புறது?"
பிழையை நம்பு என்றேன்.
போனை வைத்ததும் எனக்கே சிரிப்பு வந்தது.

அவன் அறிக்கையின் கடைசியில் எடைத்தாள்,
இருவருமே புரட்டாத பக்கம்.
எண்ணெய் இவ்வளவு, தோட்டா இவ்வளவு,
விமானி, பாராசூட்டோடு, இருநூறு பவுண்டு.
அதுவும் நியமம்தான்.
ஓரத்தில் பென்சிலில்:
எடை சரிக்கட்ட ஈயம், நாற்பத்து நாலு.

கழித்துப் பார்த்தேன்.
பாராசூட் இருபது இருக்கும்.
தோல்சட்டை, பூட்ஸ் ஒரு பதினாலு.
மிச்சம் நூற்று இருபத்திரண்டு.
ஐம்பத்தைந்து கிலோ.

பெயரில்லாத காகிதத்தில்
ஒருவன் எழுந்து உட்கார்ந்தான்.
காலருக்குள் ஆடுகிற கழுத்து.
தொடையில் கட்டிய அட்டையில்
விறைத்த விரலால் எழுதிய ஏழு
ஒன்று போலவே இருக்கிறது; அதை வைத்துத்தான்
மூன்று வாரமாய் நாங்கள் அடித்துக்கொண்டோம்.
ஐம்பத்தைந்து.
போன வாரம் மருந்துக்கடை மிஷின்
எனக்குச் சொன்னதும் அதே எண்.

ஈயத்தை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன்.
வேகத்தில் அரை மைல்கூட மாறவில்லை.
அளவுப் பிழைக்குள் அடங்கிவிடுகிறான்.

கூரைக்கு மேல் சிங்கப்பூர் விமானம்
ஜன்னல் கண்ணாடியை உலுக்கிப் போகிறது.
இந்தச் சூட்டில் ஓடுபாதை அதற்குச் சற்று
நீளமாகவே தேவைப்பட்டிருக்கும்.

ஆறு மைலை நீயே வச்சுக்கோ என்று
சதக்குக்கு அனுப்பினேன்.
அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்.
தலைப்பு: ஈயம்.
இன்னும் பதினேழு அறிக்கை பாக்கி இருக்கிறது.