ஐஸ் பிளான்ட்டில் ஒரு கம்பைல்

இரவு ஒன்றே முக்கால்.
கடலூர் முதுநகர், உப்பனாற்றங்கரை.
அமோனியா வாடைக்கு மூக்கு பழகிவிட்டது,
கம்ப்ரசரின் உறுமலுக்குக் காது பழகவில்லை.

புது பிரஷர் சென்சார் வேறு பாஷை பேசுகிறது.
அதற்காக நான் மாற்றியது இரண்டே வரி.
மேக் என்று அடித்து
டீ டம்ளரை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது:
stdio.h
அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை.

சிரித்தேன்.
சி எழுதுகிறவன் போடும் பிள்ளையார் சுழி அது.
கை தானாகப் போடும், மனசு கவனிக்காது.
பந்தியில் உட்கார்ந்த பிறகு
வடை தீர்ந்துவிட்டது என்றால் பொறுக்கலாம்,
இலையே இல்லை என்கிறது.

இருந்தும் நான்கு தடவை அதையே அடித்தேன்,
பூட்டியிருப்பது தெரிந்தும்
கதவை இன்னொரு முறை தள்ளிப் பார்ப்பதுபோல.

"ஆச்சா சார்?" ஃபிட்டர் தணிகாசலம்.
"மூணு மணிக்கு சோனாங்குப்பத்துப் போட்டு ஏழு கெளம்புது.
போட்டுக்கு அறுபது கட்டி.
மீட்டர் ஓடலேன்னா
தொட்டியத் தொட்டுப் பாத்துத்தான் சொல்லணும்."
தொட்டுச் சொன்னது இதுவரை தப்பியதில்லை
என்பதும் அந்தக் குரலில் இருந்தது.

கோப்புகள் குடியிருக்கும் தெருவுக்கே போனேன்.
/usr/include
பெயர் இருக்கிறது.
பெயருக்குப் பக்கத்தில் ஓர் அம்பு.
அம்பு காட்டுவது /disk2/include.
அங்கே போனால் அப்படி ஒரு வட்டே கிடையாது.
சுனாமிக்கு அடுத்த மாதம்
எங்கள் தெருவுக்கு வந்த கடிதங்கள் இப்படித்தான்.
எழுத்து அழியவில்லை,
வீட்டு எண்கூடச் சரி.

வில்பிரட்டைக் கூப்பிட்டேன்.
எனக்கு முன் இந்த யூனிக்ஸ் பெட்டியை மேய்த்தவன்,
இப்போது தோஹாவில்.
அவனுக்கு அங்கே இன்னும் நேற்று.
"எடம் பத்தலடா. எல்லாத்தையும் ரெண்டாவது டிஸ்க்குக்குத் தள்ளிட்டு
இங்க ஒரு லிங்க் போட்டு வெச்சேன்."
"அந்த டிஸ்க் எங்க?"
"கடகடன்னு சத்தம் போடுதுன்னு
மரைக்காயர் கழட்டச் சொன்னாரு. கழட்டினேன்."
"கழட்டி?"
கொஞ்ச நேரம் கடலுக்கு அந்தப் பக்கம் ஏசி ஓடும் ஓசை மட்டும்.
"அங்கதான்டா இருக்கணும்."

அங்கேதான் இருந்தது.
கல்லா மேசையில், விசிறிக்கு நேர் கீழே,
இன்றைய ஐஸ் சீட்டுகளின் மேல்.
இரண்டு வருஷமாக ஒரு தாளையும் பறக்கவிட்டதில்லை.
ஒவ்வொரு ராத்திரியும் அதைத் தூக்கித்தான்
நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

துடைத்தேன்.
விளிம்பில் ஒரு மீன் செதில், நகத்தால் சுரண்டினால்தான் வந்தது.
கேபிள். கரண்ட். மவுண்ட்.
கடகட.
தணிகாசலம் திரும்பிப் பார்த்தார்,
தன் கம்ப்ரசரோ என்று.

stdio.h கிடைத்தது.
உடனே crt1.o இல்லை என்றது.
நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.
"ஆச்சா சார்?"
"இல்லண்ணே. வேற தப்பு வருது!"
அதற்கு ஏன் இந்த முகமலர்ச்சி என்று
அவருக்கு விளங்கவில்லை.
ஒரே தப்பு ஒரு மணி நேரம் நின்றால்தான்
அடுத்த தப்பின் அருமை தெரியும்,
அதைச் சொல்ல நேரமில்லை.
அதுவும் அதே வட்டில், பக்கத்து அடைவில் இருந்தது.
வழி சொன்னேன், போய் எடுத்துக்கொண்டது.

இரண்டு ஐம்பத்திரண்டு.
திரையில் எண் விழுந்தது.
தணிகாசலம் தொட்டியில் கை வைத்துவிட்டு வந்து
எண்ணைப் பார்த்தார்.
தலையாட்டினார், எண்ணைப் பார்த்து,
நீயும் சரியாத்தான் சொல்ற என்பதுபோல.

வெளியே படகுக்காரர்களின் பேச்சு நெருங்கிற்று.
விசிறிக்கு அடியில்
சீட்டுகள் ஒவ்வொன்றாக எழ ஆரம்பித்தன.
கைக்கு வேறெதுவும் அகப்படாமல்
என் உள்ளங்கையையே அவற்றின் மேல் வைத்தேன்.
முதல் ஆள் வந்து
தன் சீட்டைக் கேட்கும் வரை
எடுக்கவில்லை.